நிலாவுக்கு ஒரு கட்டு

முக்கூடல் கிளை நூலகத்தில்
சரித்திரக் கதைக்கு ஒரே அலமாரி, அதிலும் பாதி
பரிட்சைக்குப் படிக்கிற பையன்களின் கைடுகள்.
நாங்கள் முடித்தவை போக மிஞ்சினது இரண்டு.
இரண்டையும் எடுத்து வந்துவிட்டேன்,
ஒன்று என் கார்டில், ஒன்று கோமு கார்டில்.
எதை முதலில் வாசிப்பது என்று
இலை நனைக்கும்போதே சண்டை.

எங்கள் ஏற்பாடு இது:
நான் வாசிக்கிற நாளில் என் மடியில் சுளகு இராது.
மற்ற நாலு பேரும் ஆளுக்கு ஆறு கட்டு
என் கணக்கில் போட்டுவிடுவார்கள்.
பீடிக்கடைக்காரன் சனிக்கிழமை சனிக்கிழமை
"ஒன் பீடியில நாலு கை தெரியுதே" என்பான்.
தெரியட்டும்.

நீல அட்டைக்காரி கொற்கையில் பிறந்தவள்,
முத்துக் குளிக்கிறவன் மகள்.
குதிரை விற்க வந்த அரபிக்காரனைப் பார்த்த நாள் முதல்
சோறு இறங்காமல் அலைகிறாள்.
அட்டைப் படத்தில் அவள் இடுப்பைக் கண்டு
பிரம்மசக்தி கேட்டாள்:
"இவ ஒரு நாளு ஆயிரம் சுத்துவாளாட்டி?"

மற்றதற்கு அட்டையே கிடையாது,
காக்கித் தாள் ஒட்டியிருக்கிறது.
பாளையங்கோட்டைக் கோட்டைக்குள்
உப்புக் கூடை சுமக்கிற ஒருத்தி.
வெளியே வளைத்து நிற்கிற படையில் ஒருத்தன்.
கூடைக்கு அடியில் ஓலை.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

செல்லக்கனிக்குக் கொற்கைதான் வேண்டும்.
கடல் வருகிற கதையில் காற்று வருமாம்,
தகரக் கூரைக்கடியில் கழுத்தைத் துடைத்தபடி சொல்கிறாள்.
கோமுவுக்கு நிலா ஆகாது.
"போன கதைல நிலா எந்திரிச்சு வாரதுக்குள்ள
எனக்கு ஒரு கட்டு முடிஞ்சிட்டு.
இதுல எத்தன நிலா, எண்ணிச் சொல்லு."
எண்ணினேன். கொற்கையில் பதினொன்று.
கோட்டையில் மூன்று,
அதில் ஒன்று மேகத்துக்குள்.

எனக்கு வேறு கவலை.
பாப்பாக்குடி பஸ்ஸில் வரும்போதே
இரண்டின் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டேன்.
கொற்கைக்காரி கரையில் நிற்கிறாள்,
கப்பல் வரவில்லை, ஒரு ஆச்சரியக்குறி, முற்றும்.
கோட்டைக்காரியைக் காட்டிக்கொடுக்கிறதே அவன்தான்.
மதிலுக்குக் கீழே கூடை கிடக்கிறது.
மழை பிடித்து, உப்பும் கரைந்து போகிறது.

போன மாதமும் இப்படித்தான்.
வெள்ளத்தில் போகவேண்டிய இளவரசன் ஒருவனைத்
தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டேன்.
கண்ணைப் பக்கத்தைவிட்டு எடுக்காமலே
அவனுக்குக் கஞ்சி கொடுத்தேன்,
கல்யாணம் செய்து வைத்தேன்.
பந்தியில் என்ன போட்டாவ என்று செல்லக்கனி கேட்க
அதற்கும் ஒரு பத்தி வாசித்தேன்.
தாளைத்கூட ஒழுங்காகத் திருப்பினேன்.

ராஜகனி அதுவரை வாய் திறக்கவில்லை.
அவள் வீட்டுக்காரர் பம்பாயில்.
பணம் வருகிற மாதமும் உண்டு.
நூல் சுற்றுகிற விரலை நிறுத்தாமல் சொன்னாள்:
"போன புஸ்தகத்தத் திருப்பிக் குடுக்க
நாந்தானட்டி போனேன்.
லைப்ரரி பூட்டிக் கெடந்துது.
படியில இருந்து கடைசிப் பக்கத்தப் பாத்தேன்.
அவன் செத்துல்லா போனான்."

கத்தரிச் சத்தம் நின்றது.
தூள் நெடியில் பிரம்மசக்தி தும்மினாள்,
"ஏட்டி கள்ளி" என்றாள் என்னை.
"அப்ப அந்தப் பாயசம்?" என்றாள் செல்லக்கனி,
நிஜமாகவே ஏமாந்த குரலில்.

ராஜகனி அடுத்த இலையை எடுத்து
நரம்பு பார்த்து வெட்டினாள்.
"ரெண்டுல எது ரொம்ப மோசமா முடியுதோ
அத எடுட்டி."

காக்கித் தாளைப் பிரித்தேன்.
முதல் வரி கிழக்கு வாசல்.
அவள் கூடையை இறக்குகிறாள்,
காவல்காரன் உப்புக்குள் கையை விடுகிறான்.
"சத்தமா" என்றாள் கோமு.
சத்தமாகத்தான் வாசிக்கிறேன்.
கதையில் இப்போது ஆவணி.
முற்றுகையை ஐப்பசிக்குள் முடித்துவிட்டால்
மழையே வராமல் பார்த்துக்கொள்ளலாம்.
அவனை என்ன செய்வதென்றுதான்
இன்னும் தெரியவில்லை.